360 கேபி பிளாப்பிகள்: ஒரு பெட்டியில் கிடைத்த கேள்விகள்

கேள்வி எழுதியவர்: வாசகசாலை

அனைவருக்கும் வணக்கம். கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் வாசகசாலை இயங்கி வருகிறது. எண்பதுகளின் பிற்பகுதியில் இங்கே பம்ப்செட் விற்பனை நிலையம் நடத்திய ஒருவரின் குடும்பத்தார், அவர் கணினியில் பயன்படுத்திய ஐந்தேகால் அங்குல பிளாப்பி வட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவற்றில் உள்ள கடிதங்களையும் கணக்குகளையும் ஊர் வரலாற்றுக்காகப் பாதுகாக்க அனுமதியும் தந்திருக்கிறார்கள். எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆண்டில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போனது என்ற விவரம் கிடைத்தால், இந்தப் பகுதியில் கிணற்று நீர் எப்படிக் கீழே இறங்கியது என்பதை அதிலிருந்தே படிக்கலாம். ஆகவே இந்தப் பெட்டி எனக்கு மிகவும் முக்கியமானது.

நண்பர் ஒருவரின் பழைய கணினியில் இருந்த டிரைவைக் கொண்டு சில வட்டுகளைப் படித்துவிட்டோம். எல்லாம் 360 கேபி கொள்ளளவு உடையவை. கணினி என்றாலே ஜிபிக் கணக்கில் பழகிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, அவற்றில் கண்ட பல விஷயங்கள் விளங்கவில்லை. இடம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, ஒவ்வொரு கடிதமும் பிஏகே என்ற பின்னொட்டுடன் இன்னொரு முறையும் ஏன் சேமிக்கப்பட்டிருக்கிறது? அக்கடிதங்களை இன்றைய கணினியில் திறந்தால், பெரும்பாலான சொற்களின் கடைசி எழுத்து மட்டும் சிதைந்து தெரிவது ஏன்? "கணக்கு 1/3, 2/3, 3/3" என்று எழுதப்பட்ட மூன்று வட்டுகளில் பேக்கப், கண்ட்ரோல் என்ற பெயர்களில் 001, 002, 003 என்ற எண்கள் இட்ட கோப்புகளைத் தவிர வேறெதுவும் இல்லை. பட்டியல்களில் ஆண்டு எங்குமே இரண்டு இலக்கங்களில்தான் இருக்கிறது. உறைகளின் மேல் எல்லாம் அழகிய தமிழ்க் கையெழுத்து. வட்டுகளுக்குள்ளோ ஓர் எழுத்துக்கூடத் தமிழ் இல்லை. தமிழுக்கு இடம் போதாது என்பதுதான் காரணமா? கடைசியாக, "பள்ளி – பிபிசி" என்று குறித்த ஒரு வட்டைக் கணினி ஏற்கவே மறுக்கிறது.

அக்காலத்தில் இத்தகைய வட்டுகளோடு வேலை செய்தவர்கள், அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வட்டுநேசன்

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்தேன். எண்பதுகளின் பிற்பகுதியில் கோவையில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தேன். அங்கே இரண்டு பிளாப்பி டிரைவுகள் மட்டுமே கொண்ட, ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகளில்தான் எல்லா வேலையும் நடந்தது. உங்களிடம் வந்த வட்டுகளும் அத்தகைய கணினியில் எழுதப்பட்டவையாகவே தோன்றுகின்றன.

முதலில் அந்த 360 கேபியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு 40 தடம் (வட்டமான பதிவுப் பாதை), தடத்துக்கு 9 செக்டர் (தடத்தின் ஒரு துண்டு), செக்டருக்கு 512 பைட்; பெருக்கினால் 368,640 பைட், அதாவது 1,024 பைட் ஒரு கேபி என்ற கணக்கில் 360 கேபி வரும். 1981இல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது ஒரு பக்கமும் 8 செக்டருமாக 160 கேபிதான் இருந்தது. பிசியை இயக்கும் அடிப்படை நிரலான டாஸின், 1983இல் வந்த 2.0 பதிப்புதான் 360 கேபியைக் கொண்டுவந்தது. அந்த 720 செக்டர்களில் தொடக்கச் செக்டருக்கு ஒன்று, கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையின் இரண்டு படிகளுக்கு நான்கு, கோப்புப் பட்டியலுக்கு ஏழு என்று 12 செக்டர்களை டாஸ் எடுத்துக்கொள்ள, நமக்கு 362,496 பைட் மிஞ்சும். பட்டியலில் 112 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு. மேலும், எவ்வளவு சிறிய கோப்பானாலும் குறைந்தது 1 கேபியைப் பிடித்துக்கொள்ளும். சின்னச் சின்னக் கடிதங்களாகச் சேமித்து வந்தவர்களுக்கு, பாதிக்கு மேல் இடம் காலியாக இருக்கும்போதே இனிக் கோப்பு சேர்க்க முடியாது என்று கணினி சொல்லிவிடும். உங்கள் கடைக்காரர் கடிதங்களுக்கென்று பல வட்டுகளைத் தனித்தனியாக வைத்திருந்தால் அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏ டிரைவில் டாஸும், கடிதம் எழுதும் நிரலான வேர்ட்ஸ்டாரும் சேர்ந்த வட்டு, பி டிரைவில் கடிதங்கள் உள்ள வட்டு என்பதே அன்றைய ஏற்பாடு. டாஸ் 3.3இன் மூன்று அடிப்படைக் கோப்புகள் மட்டுமே ஏறக்குறைய 75 கேபி பிடிக்கும்; எஞ்சிய இடத்தில் வேர்ட்ஸ்டாரின் முதன்மை நிரலும் அதன் துணைக் கோப்புகளும் அமரவேண்டும். நிரல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்ற இடமில்லாததால், ஒரு கட்டளையைத் தரும்போது அதற்குரிய பகுதியை அந்தத் துணைக் கோப்பிலிருந்து எடுத்து வரும் முறையில் அதை எழுதியிருந்தார்கள். ஆகவே ஏ வட்டை வெளியே எடுக்கக் கூடாது. வேலை முடிந்து வெளியேறும்போது, பெரிய நிரல் ஒன்று டாஸின் கட்டளைப் பகுதியை நினைவகத்திலிருந்து அழித்திருந்தால், கமாண்ட்.காம் உள்ள வட்டை ஏ டிரைவில் போடும்படி திரையில் செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்க்காமல் ஒரு நாளும் கழிந்ததில்லை.

இனி உங்கள் பிஏகே கோப்புகள். வேர்ட்ஸ்டார் ஆவணத்தைத் திருத்தும்போது மூலக் கோப்பில் கை வைக்காது. திருத்திய வடிவத்தைத் தற்காலிகக் கோப்பாகத் தனியே எழுதிக்கொண்டு வரும். சேமித்ததும் மூலத்துக்குப் பிஏகே என்று பெயர் மாற்றிவிட்டு, புதியதற்கு உரிய பெயரைச் சூட்டும். மின்சாரம் எந்த நொடியிலும் போய்விடக்கூடிய ஊர்களில் இந்த ஏற்பாடு எத்தனையோ கடிதங்களைக் காப்பாற்றியது. அதற்குக் கொடுத்த விலை, பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் வட்டில் இருந்தாக வேண்டும் என்பது. அதாவது, வட்டில் பாதிக்கு மேல் போகும் ஆவணத்தை அதே வட்டில் வைத்துத் திருத்த முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே இடம் தீர்ந்துவிட்டால், கண்ட்ரோல்-கே-ஜே என்ற கட்டளையால் ஆவணத்தை விட்டு வெளியேறாமலே வேறொரு கோப்பை அழித்து இடம் உண்டாக்கலாம். பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய பிஏகே கோப்புதான் பலியாகும்.

கடைசி எழுத்துச் சிதைவுக்கும் வேர்ட்ஸ்டாரே காரணம். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும். எட்டாவது பிட் சும்மா இருந்ததால், வரிகளைச் சீர்படுத்தும் தன் குறிப்புகளை அதிலேயே வைத்துக்கொண்டார்கள். சொல்லின் கடைசி எழுத்தில் அந்தப் பிட்டை ஏற்றிவைப்பது அந்த நிரலின் வழக்கம். தனியாக ஒரு பைட் செலவிடாமல் குறிப்பெழுதிய அந்தத் திறமையை நான் இன்றும் வியக்கிறேன். ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட்டை நீக்கிவிட்டால் கடிதம் தெளிவாகிவிடும். பைத்தான் நிரல்மொழியில் ஓரிரு வரிகளே போதும். வட்டிலிருந்து அப்படியே நகலெடுத்த மூலப் படிமத்தில் மட்டும் கை வைக்காமல், ஒரு நகலில் செய்யுங்கள்.

மறுமொழி: துளையட்டை

ஆண்டின் இரண்டு இலக்கங்களைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த வழக்கம் பிளாப்பிக்கு வெகு காலம் முந்தியது.

எழுபதுகளில் சென்னையில் நாங்கள் நிரல் எழுதியதும் தரவு கொடுத்ததும், எழுத்துகளைத் துளைகளாகப் பதியும் காகித அட்டையான துளையட்டையில்தான். ஓர் அட்டைக்கு 80 பத்தி; ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. ஒரு பெட்டியில் 2,000 அட்டைகள் இருக்கும். ஆகவே இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு பெட்டி, அதிகம் போனால் 160,000 எழுத்துகளைக் கொள்ளும். வட்டுநேசன் குறிப்பிட்ட ஐபிஎம் பிசியின் முதல் பிளாப்பியில் அடங்கியதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொண்டால், அவர் பெயர், ஊர், கணக்கு எண், நிலுவைத் தொகை, மூன்று தேதிகள் எல்லாம் 80 பத்திக்குள் முடிந்தாக வேண்டும். ஒவ்வொரு தேதியிலும் "19" என்பதை விட்டால் ஆறு பத்திகள் மிஞ்சும். அந்த ஆறு பத்தியில் ஓர் ஊர்ப்பெயரைக் குறுக்காமல் எழுதிவிடலாம்.

வட்டு என்பது அரிய பொருளாக இருந்த காலம் அது. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. ஒரு டன் எடையுள்ள அந்த இயந்திரம் கொண்டது 50 லட்சம் எழுத்துகள். அதன் பிறகு கொள்ளளவு வேகமாகப் பெருகியது உண்மைதான். ஆனாலும் எழுபதுகளில் ஒவ்வொரு நிரலாளரும் தன் பதிவின் நீளத்தை பத்தி பத்தியாகத் தாளில் வரைந்து, மேலதிகாரியிடம் ஒப்புதல் பெற்ற பிறகே நிரலைத் தொட்டார். அந்தத் தாளை நாங்கள் உயிராகப் பாதுகாத்தோம். இன்ன இடத்தில் இன்ன விவரம் தொடங்குகிறது என்று கோப்புக்குள் எங்கும் எழுதியிருக்காது, அதற்கும் இடமில்லை.

உங்கள் கடைக்காரரின் கணக்கும் அந்த மரபில் வந்ததே. ஒரு பதிவுக்கு 128 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டுநேசன் சொன்ன 362,496 பைட்டில் சரியாக 2,832 பதிவுகள் அடங்கும். மூன்று தேதிகளிலும் ஆண்டை நான்கு இலக்கமாக எழுதினால் பதிவு 134 பைட் ஆகும். அப்போது 2,705 பதிவுகளே அடங்கும். 127 வாடிக்கையாளர்களுக்காக இன்னொரு வட்டு வாங்கி, அவர்கள் பெயர் வரும்போதெல்லாம் வட்டை மாற்றிப் போட வேண்டியிருக்கும். 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது இந்த இரண்டு இலக்கங்களால் உலகெங்கும் எழுந்த கவலையையும், அதைத் திருத்தும் பணியில் நம் ஊர் நிரலாளர்கள் பலர் ஈடுபட்டதையும் அறிவீர்கள். அப்போது எங்கள் தலைமுறையை முன்யோசனை இல்லாதவர்கள் என்று பலர் எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. பத்திக்குப் பத்தி எண்ணிப் பார்த்துச் செய்த முடிவு அது.

ஐயா, உங்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: அந்தக் குடும்பத்தாரிடம் கட்டமிட்ட தாள்களோ பச்சை அட்டைக் குறிப்பேடோ இருக்கின்றனவா என்று கேளுங்கள். பதிவின் அமைப்பு அதில் எழுதப்பட்டிருந்தால், எந்த எண் மோட்டாரின் குதிரைத்திறன், எந்த எண் விலை என்பதை ஊகிக்க வேண்டிய அவசியம் இராது.

மறுமொழி: பழைய ஆசிரியை

"பள்ளி – பிபிசி" என்ற வட்டு பெரும்பாலும் பிபிசி மைக்ரோ கணினியுடையது. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்னும் மத்திய அரசுத் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்தக் கணினிகள் வந்தன. நானும் அதில்தான் மாணவர்களுக்குக் கற்பித்தேன். அந்தக் கடைக்காரரின் பிள்ளைகளில் ஒருவர் பள்ளியில் எழுதிய நிரல்களாக இருக்கலாம் என்று எண்ணும்போதே மனம் மகிழ்கிறது.

அதன் நினைவகம் 32 கேபி. திரைக்கும் அதிலிருந்தே இடம் ஒதுக்க வேண்டும்: நுண்ணிய படம் வரையும் முறையைத் தேர்ந்தெடுத்தால் திரை மட்டும் 20 கேபியை எடுத்துக்கொள்ளும், வெறும் எழுத்து போதும் என்று ஏழாம் முறைக்குப் போனால் 1 கேபியோடு நிற்கும். ஆகவே படம் அழகாக வேண்டுமா, நிரல் நீளமாக வேண்டுமா என்று பிள்ளைகள் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதைப் பற்றி எவ்வளவு தீவிரமாக விவாதிப்பார்கள் என்பதை நேரில் கண்டவள் நான். வட்டு இல்லாத இடங்களில் சாதாரண டேப் ரெக்கார்டர் கேசட்டில் பதிவோம். நொடிக்கு 120 பைட் வேகம் என்பதால் 16 கேபி நிரலை ஏற்ற இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அதன் வட்டு அமைப்பு டாஸிலிருந்து முற்றிலும் வேறானது. 40 தடம், தடத்துக்கு 10 செக்டர், செக்டருக்கு 256 பைட் என்று பக்கத்துக்கு 100 கேபி; அதிகபட்சம் 31 கோப்புகள்; பெயருக்கு ஏழு எழுத்து. காந்தப் பதிவு முறையும் ஒற்றை அடர்த்தி கொண்டதாதலால் பிசிக்களின் கட்டுப்பாட்டுச் சில்லுகள் பலவற்றால் அதைப் படிக்க இயலாது. ஆகவே கணினி மறுப்பதை வைத்து வட்டு கெட்டுவிட்டது என்று கருதிவிடாதீர்கள். தயவுசெய்து அதைப் பார்மேட் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: எழுத்துரு ஆர்வலர்

தமிழ் இல்லாததற்கு இடப்பற்றாக்குறை காரணம் என்ற கருத்தைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று என்பதைக் கணக்காலேயே காட்ட விரும்புகிறேன்.

"அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு" என்ற முதற் குறளை எடுத்துக்கொள்வோம். உயிர், மெய், உயிர்க்குறி, புள்ளி என்று தனித்தனியே எண்ணினால் 39 குறிகள். சொற்களுக்கு இடையே 6 இடைவெளிகள். இந்திய எழுத்துகளுக்கென்று ஒரு குறிக்கு ஒரு பைட் வீதம் அமைந்த இஸ்கி குறியேற்றத்தில் இது 45 பைட். எல்லாக் குறளும் ஏறத்தாழ இதே அளவு என்று கொண்டால், 1,330 குறளும் சுமார் 60 கேபிக்குள் முடிந்துவிடும். 360 கேபி வட்டில் ஆறில் ஒரு பங்குதான். இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆவதால், அதே குறள் 123 பைட் பிடிக்கும். சேமிப்பைப் பொறுத்தவரை அன்றைய குறியேற்றமே சிக்கனமானது.

தடை இருந்தது திரையில். அக்காலப் பிசியின் எழுத்துத் திரை, தனக்குரிய எழுத்து வடிவங்களைத் திரை அட்டையில் இருந்த மாற்ற முடியாத ரோம் சில்லிலிருந்து எடுத்தது. அதில் 256 வடிவங்கள். ஆங்கில எழுத்துகள், ஐரோப்பியக் குறியெழுத்துகள், கட்டம் போடும் கோடுகள் எல்லாம் அதற்குள் நிரம்பிவிட்டன. எல்லா வடிவங்களும் ஒரே அகலமான சிறு கட்டத்தில் அடங்க வேண்டும். "ண", "ணை", "கௌ" போன்றவற்றை அந்தக் கட்டத்தில் எப்படி அடைப்பது? கிராபிக்ஸ் முறையில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரையும் தமிழ் நிரல்கள் எண்பதுகளிலேயே தோன்றின. இந்திய எழுத்துகளுக்கென்று ஜிஸ்ட் அட்டையும் வந்தது. ஐஐடி கான்பூரில் தொடங்கி, பின்னர் புனேயின் சி-டாக்கில் வளர்ந்த தொழில்நுட்பம் அது. அந்த அட்டையைப் பொருத்தினால் டாஸ் நிரல்களிலேயே தமிழை உள்ளிடலாம். ஆனால் ஒரு சிற்றூர்க் கடைக்காரர் தனிச் செலவு செய்து அதை வாங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. உறைமேல் தமிழிலும் உள்ளே ஆங்கிலத்திலும் எழுதுவதுதான் அவருக்கு இயன்ற வழி.

அந்த உறைகளையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வையுங்கள். அந்தப் பெட்டியில் அவர் தம் மொழியில் எழுதியவை அவை மட்டுமே.

மறுமொழி: வாசகசாலை

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. எட்டாவது பிட்டை நீக்கிப் பார்த்தேன். கடிதங்கள் முழுமையாகத் தெரிகின்றன. குறிப்பேட்டைப் பற்றிக் கேட்டு அந்தக் குடும்பத்தாருக்கு எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். சில வட்டுகள் ஒரு டிரைவில் பிழை காட்டி, இன்னொரு டிரைவில் நன்றாகப் படிக்கின்றன, இது ஏன்? வேறு சில வட்டுகளின் பரப்பில் வெண்மையான பூஞ்சை படிந்திருக்கிறது. அவற்றைப் போட்டுப் பார்க்கலாமா? மூன்று வட்டுக் கணக்கை எப்படித் திறப்பது என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி: வட்டுநேசன்

பூஞ்சை படிந்தவற்றை எக்காரணம் கொண்டும் டிரைவில் போடாதீர்கள். அது பரப்பைச் சுரண்டுவதோடு, டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கெடுத்துவிடும். அவற்றைத் தனியே உலர்ந்த இடத்தில் வையுங்கள். உறையைப் பிரித்து, வட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மென்மையாகத் துடைத்து, வேறு உறையில் இட்டுப் படிப்பதே வழி. முக்கியமில்லாத ஒரு வட்டில் முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு டிரைவில் படித்து இன்னொன்றில் படிக்காமல் போவது அன்றும் எங்களை வாட்டிய தொல்லைதான். 1984இல் ஐபிஎம்மின் பிசி ஏடி கணினியுடன் 1.2 எம்பி டிரைவுகள் வந்தன. அவற்றில் 80 தடங்கள் என்பதால் ஹெட் குறுகலானது. 360 கேபி டிரைவில் எழுதிய வட்டின் மேல் அதைக் கொண்டு மாற்றி எழுதினால், அகன்ற பழைய தடத்தின் நடுவில் குறுகலான புதிய தடம் விழும். ஓரங்களில் பழைய காந்தப் பதிவு அப்படியே நிற்கும். திரும்ப 360 கேபி டிரைவில் போட்டால் அதன் அகன்ற ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துத் தடுமாறும். குறுகலான ஹெட் நடுத்தடத்தை மட்டும் பார்ப்பதால், உங்களுடைய பிழை காட்டும் வட்டுகளை 1.2 எம்பி டிரைவில் படித்துப் பாருங்கள். அதற்கு முன், எழுதுதடுப்புக்காக வட்டின் ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒட்டிவிடுங்கள். ஐந்தேகால் அங்குல வட்டில் வெட்டை மூடினால்தான் பாதுகாப்பு. மூன்றரை அங்குல வட்டில் துளை திறந்திருப்பது பாதுகாப்பு என்பதால் பலரும் குழம்புவார்கள். காந்தப் புலத்தையே நேரடியாகப் பதிவு செய்யும் கிரீஸ்வீசில், கிரையோபிளக்ஸ் போன்ற கருவிகளுள் ஒன்று கிடைத்தால், ஆசிரியை அம்மா சொன்ன பிபிசி வட்டையும் அதே கருவியில் எடுத்துவிடலாம்.

மூன்று வட்டுக் கணக்கு, டாஸ் 3.3இன் பேக்கப் கட்டளையால் எழுதப்பட்டது. ஒரு வட்டில் அடங்காத கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கின் முழு உள்ளடக்கத்தையும் வரிசையாகப் பல வட்டுகளில் பிரித்து எழுதும் கட்டளை அது. 20 எம்பி ஹார்ட் டிஸ்க்கை முழுமையாக எடுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட பிளாப்பிகள் தேவைப்படும் என்பதால், பெரும்பாலோர் கணக்கு உள்ள அடைவை மட்டும் எடுப்பார்கள். இதிலிருந்து அந்தக் கடைக்காரர் பின்னாளில் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி வாங்கியிருக்கிறார் என்றும் ஊகிக்கலாம். பேக்கப் கோப்பில் தரவு மொத்தமாக இருக்கும். கண்ட்ரோல் கோப்பில் எந்தப் பெயருடைய கோப்பு எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்ற குறிப்பு இருக்கும். டாஸ் 3.2 வரையிலான பேக்கப் முறை வேறு என்பதால், மெய்நிகர் கணினி ஒன்றில் டாஸ் 3.3ஐயே நிறுவி, மூன்று வட்டுகளின் படிமங்களையும் 1, 2, 3 என்ற வரிசையில் கொடுத்து ரீஸ்டோர் கட்டளையை இயக்குங்கள். அதற்கு முன்பாக முதல் வட்டின் கண்ட்ரோல் கோப்பை மட்டும், பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். அடைவின் பெயரும் கோப்புகளின் பெயர்களும் அதில் படிக்கும் நிலையிலேயே இருக்கும். டிபிஎப் என்று முடியும் பெயர்கள் தென்பட்டால் அவை டிபேஸ் என்னும் தரவுத்தள நிரலின் கோப்புகள். அவற்றில் புலங்களின் பெயரும் நீளமும் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருப்பதால், குறிப்பேடு கிடைக்காவிட்டாலும் கணக்கைப் படித்துவிடலாம்.